முந்தானையில் ஒரு முதுகு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாலாம் நாள் காலையில், உமாபதியின் வலது கால் மிதிப்பலகையைத் தேடிப் போய், குளிர்ந்த எதன் மேலோ இறங்கியது. அது நெளிந்து கொடுத்தது. மிதிப்பலகை நெளியாது என்பது பதினாறு வருஷம் தறியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். காலைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

குழித்தறி என்றால் நெய்கிறவன் தரைமட்டத்தில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் இடுப்பளவுக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். அந்தக் குழியின் மூலையில், ஈரமண்ணோடு ஈரமண்ணாக, ஒரு சொறித்தவளை உட்கார்ந்திருந்தது. மிதி வாங்கிய வருத்தம் அதன் முகத்தில் தெரியவில்லை. வேறு எதுவும் தெரியவில்லை. ரேஷன் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டவரைப் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுவரோரம் ராட்டையில் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த சங்கரி, புருஷன் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இன்னாங்க, காலைத் தூக்கிக்கினு உக்காந்துக்கினு இருக்கிறீங்க? நடராஜர் வேஷமா?"

"உள்ள ஒரு தவளை இருக்குது."

அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயே! சொறித்தவளை! வெந்த உருளைக்கிழங்கைத் தோலோட யாரோ மிதிச்சுட்டுப் போன மாதிரி இருக்குது."

"மிதிச்சது நான்தான்."

"தூக்கி வெளிய போடுங்க."

"மழை விட்டா தானா போயிடும் சங்கரி."

மழை விடவில்லை. அதுவும் போகவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த மாதம் முழுக்க இரண்டே சத்தங்கள்தான் இருந்தன. மேலே ஓட்டில் மழை, கீழே தறி. இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகும். நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு விழித்திருக்கிறோமா இல்லையா என்று சில சமயம் சந்தேகம் வரும். குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா இடமிருந்து வலம் போகும். வலமிருந்து இடம் வரும். அரக்கு நிறப் பட்டு விரல்கடை விரல்கடையாக வளரும். அந்தத் தறியில் புடவையின் நல்ல முகம் கீழே பார்த்திருக்கும். உமாபதியின் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம்தான். சரிகை இழைகளின் நுனி, ஒட்டு, முடிச்சு, குறுக்கே ஓடும் தளர்ந்த நூல். முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே நீட்டிப் பார்த்துக்கொள்வான். அப்படி ஒருநாள் நீட்டியபோது கண்ணாடியில் மாங்காய்ப் புட்டாவும், அதற்குப் பக்கத்தில் தவளையின் தலையும் தெரிந்தன. அது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் புடவையின் முகத்தை நாள் முழுக்கப் பார்க்கும் யோகம் தவளைக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அது முகூர்த்தப் புடவை. கொடுத்தவர் ராஜவேலு. கடை வைத்திருக்கும் முதலாளி. பட்டும் சரிகையும் அவருடையது, தறியும் கையும் உமாபதியுடையது. இப்போதெல்லாம் ராஜவேலு கல்யாண வீட்டாரைத் தறிக்கே அழைத்துவந்து காட்டுவார். புடவை நெய்வதை அவர்கள் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் ஒரு புதன்கிழமை, செல்லியம்மாள் தன் மகளுடன் வந்து இறங்கினாள்.

செல்லியம்மாள் திருப்புட்குழிக்காரி. நஞ்சை புஞ்சை உள்ள குடும்பம். கணவர் ஒன்றியத்தில் ஏதோ பொறுப்பில் இருந்தார். எந்தக் கட்சியில் என்பது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது. மகள் துளசி எம்.எஸ்சி. படித்தவள். மாப்பிள்ளை நிச்சயமானதிலிருந்து பார்லரில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தாள். வெயில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். அந்தக் கொட்டும் மழையில் முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டு வந்தாள்.

செல்லியம்மாள் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தறிக்கு அடியில் நீட்டினாள். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி அலறினாள்.

"ஐயோ பெருமாளே! இன்னா கருமம் இது?"

"தவளைம்மா," என்றான் உமாபதி.

"தவளைன்னு எனக்கும் தெரியுது தம்பி. என் பொண்ணு முகூர்த்தப் புடவைக்குக் கீழ அதுக்கு இன்னா வேலை?"

ராஜவேலு, "மழைக்கு ஒதுங்கியிருக்குதும்மா, பாவம்," என்று சிரித்து வைத்தார்.

"உலகத்துலயே அசிங்கமான ஜந்து இதான். கண்ணும் வாயும் தோலும்! இதும் மூச்சு படற இடத்துல நெய்யற புடவையைக் கட்டிக்கினு என் பொண்ணு மணையில உக்காரணுமா? அண்ணே, சொல்லிட்டேன். அடுத்த தடவை வரும்போது இது இங்க இருந்துச்சுன்னா, தறியை மாத்திடுங்க."

துளசி பேசினால் முகத்தில் பூசியிருந்தது வெடித்துவிடும்போல. துப்பட்டா இடுக்கிலிருந்து குழியை மட்டும் எட்டிப் பார்த்தாள்.

தறியை மாற்றுவது என்றால் லேசில்லை. நீள இழைகள் பூட்டிப் பாவேற்றிய முகூர்த்தப் புடவையைப் பாதியில் இறக்கி வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால், அந்தத் தறியில் கை சரியில்லை என்று தெரு முடிவுகட்டிவிடும். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். அதன் பிறகு கல்யாண வேலை எதுவும் அந்த வீட்டு வாசற்படி ஏறாது. நாலு வீடு தள்ளி வீரபத்திரன் என்று ஒருவர் இருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புடவை அவர் தறியிலிருந்து பாதியில் இறங்கியது. இன்றைக்கும் அவர் பூஜைத் துண்டுதான் நெய்கிறார்.

அன்று சாயங்காலமே உமாபதி தவளையைப் பால்கோவா டப்பாவில் போட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த குளக்கரையில் விட்டுவிட்டு வந்தான். மூன்றாம் நாள் காலையில் கால் மறுபடியும் குளிர்ந்த ஒன்றின் மேல் இறங்கியது.

"அதே தவளை," என்றாள் சங்கரி.

"வேற தவளை."

"அதே மூஞ்சிங்க."

"எல்லாத் தவளைக்கும் அதே மூஞ்சிதான்."

"அப்ப வேறன்னு நீங்க மட்டும் எப்படிச் சொல்றீங்க?"

இது நியாயமான கேள்வி. விஷயமும் சின்னதில்லை. அதே தவளை என்றால் இன்னும் தூரமாகக் கொண்டுபோய் விட வேண்டும். வேறு தவளை என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க வேண்டும். எது என்று தெரிய வேண்டுமானால் தவளைக்கு அடையாளம் எடுத்து வைக்க வேண்டும். அவன் ஜக்கார்டு டிசைன் போடும் கட்டக் காகிதத்தை எடுத்தான். ஒரு கட்டம் ஒரு இழை. மயிலாக இருந்தாலும் மாங்காயாக இருந்தாலும் அந்தக் கட்டங்களில் புள்ளி புள்ளியாக ஏறித்தான் புடவைக்குப் போகும். உமாபதிக்கு ஒரு பொருளை அப்படிப் பார்த்துத்தான் பழக்கம். எத்தனை கட்டம் அகலம், எந்தக் கட்டத்தில் வளைகிறது என்று.

இரண்டு காலைகள் பிடித்தன. குழிக்குள் இறங்கி, மண்ணில் குந்தி, முழங்காலில் அட்டை வைத்து வரைந்தான். மழை வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தவளை அசையவில்லை. அது மூச்சு விடும்போது தொண்டை மட்டும் விம்மி விம்மி அடங்கியது, உறங்கும் குழந்தையின் உச்சிக்குழி போல.

முதுகு என்று ஒன்று இருந்ததே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இதுவரை அவன் பார்த்திருந்தது 'சொறி'யை. அந்தப் பெயரை வைத்தவர் பெயர் வைத்த கையோடு எழுந்து போயிருக்க வேண்டும். கண்ணைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பு. மை தீட்டிய கோடு அப்படியே இறங்கி மூக்குவரை வந்தது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அவரைக்காய் போல ஒரு மேடு. நடுவில் வெளிறிய ஒரு தண்டு. அதன் இருபுறமும் பருக்கள், பெரிதும் சிறிதுமாக, ஒவ்வொன்றின் உச்சியிலும் கறுப்பாக ஒரு ஊசிமுனை. அவை கண்டபடி இருக்கவில்லை. பெரியதைச் சுற்றிச் சின்னது, சின்னதைச் சுற்றி இன்னும் சின்னது. இடது தோளில் மூன்று, அடுப்புக்கல் வைத்தாற்போல. அந்த மூன்றை அவன் அழுத்தி வரைந்தான். அடையாளம் அதுதான்.

"சங்கரி, இங்க வாயேன். இதும் கண்ணைப் பாரு."

"இன்னா கண்ணுல?"

"சரிகை."

அவள் குனிந்தாள். கறுப்புப் பாவையைச் சுற்றிப் பொன் துகள் தூவியிருந்தது. காஞ்சிபுரத்தில் யாராக இருந்தாலும் கேட்கும் முதல் கேள்வியை அவளும் கேட்டாள்.

"அசலா?"

"அசல்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ராஜவேலு அண்ணன் குடுக்கிறதைவிட நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு ராட்டைக்குப் போய்விட்டாள்.

படத்தைச் சுவரில் ஒட்டினான். மறுநாள் பைக்கில் டப்பாவைக் கட்டிக்கொண்டு திருமுக்கூடலுக்குப் போனான். பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, எது எந்த ஆறு என்று கேட்க முடியாதபடி ஒரே சாம்பல் நீராகப் போய்க்கொண்டிருந்தன. கரையில் டப்பாவைத் திறந்தான். தவளை வெளியே வந்து, குதிக்காமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்பதுபோல நாணலுக்குள் நடந்து போனது. உமாபதி வெறும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கை ஆட்டலாமா என்று தோன்றியது. ஆட்டவில்லை.

ஐந்தாம் நாள் குழியில் ஒரு தவளை இருந்தது.

உமாபதி குழிக்குள் இறங்கினான். இடது தோளைப் பார்த்தான். அடுப்புக்கல் இல்லை. தண்டும் கோணலாக ஓடியது. உடம்பு ஒல்லி.

"இது வேற ஆளு," என்றான்.

சங்கரி சுவரைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "ஆமாம்," என்று ஒப்புக்கொண்டாள். அவர்கள் கல்யாணமான ஒன்பது வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

வாதத்தில் ஜெயித்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்று முழுக்க அவனுக்கு நெசவு ஓடவில்லை. இழை இரண்டு தடவை அறுந்தது.

"தெரிஞ்சவங்க யாரையோ ஊருக்கு அனுப்பி வச்ச மாதிரி இருக்குது," என்றான்.

"ஒரு லெட்டர் போடுங்க," என்றாள் சங்கரி.

புதுத் தவளையை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவதாக இருந்தான். செல்லியம்மாள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டாள்.

இந்தத் தடவை மகள் இல்லை. உடன் ராஜவேலு, கையில் டேப்லெட். புடவையின் உடல் முக்கால்வாசி முடிந்திருந்தது. முந்தானைக்கு டிசைன் இன்னும் முடிவாகவில்லை. மயில் வேண்டாம், எல்லாரும் மயில். அன்னம் வேண்டாம், நாத்தனார் மகளுக்கு அன்னம். யானை தடியாகக் காட்டும். யாளி முறைக்கிறது. செல்லியம்மாள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக, ராஜவேலுவின் முகம் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. உமாபதி குழிக்குள் காலை விட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு பாதங்களுக்கு நடுவில் தவளை இருந்தது.

"யாருகிட்டயும் இல்லாத ஒண்ணு காமிங்கண்ணே," என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்த செல்லியம்மாளின் பார்வை சுவரில் போய் நின்றது. "அது இன்னா?"

அவள் எழுந்து கிட்டே போனாள். "நடுவுல தண்டு... ரெண்டு பக்கமும் மொட்டு மொட்டா... ஓரத்துல இந்த வளைவு. தாழம்பூவாண்ணே?"

ராஜவேலுவுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் ஒரு பொருளை விற்பதற்கு அது என்னவென்று தெரிய வேண்டியதில்லை என்பது தெரியும். "பல்லவர் காலத்து டிசைன்மா," என்றார். அவர் வாயில் எல்லா டிசைனும் பல்லவர் காலத்தில்தான் பிறக்கும்.

"பார்த்தாலே தெரியுது," என்றாள் செல்லியம்மாள். விரலால் அந்தத் தண்டை மேலிருந்து கீழே தடவினாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "எவ்ளோ லட்சணமா இருக்குது! இதையே போடுங்க. முந்தி முழுக்க இதான்." போனில் படம் எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது திரும்பி, "தம்பி, கீழ அந்த அசிங்கம் போயிடுச்சா?" என்றாள்.

"அதைத் திருமுக்கூடல்ல விட்டுட்டேன்மா," என்றான் உமாபதி.

அது முழு உண்மை. காலடியில் இருந்தது வேறு ஆள்.

அவள் கார் ஏறியதும் உமாபதி ராஜவேலுவிடம் விஷயத்தைச் சொன்னான். ராஜவேலு சுவரைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்பா, பல்லவர் காலத்துல தவளை இருந்துச்சா இல்லையா?"

"இருந்திருக்கும் முதலாளி."

"அப்புறம் இன்னா? பேப்பரைக் குடு. அட்டை அடிக்கக் குடுத்துடறேன்."

இப்படித்தான் தவளை முந்தானைக்கு ஏறியது. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைத் துளைகளாகச் சொல்லும் அட்டைகள் வந்தன, ஜக்கார்டுப் பெட்டிக்கு மேலே மாலையாகத் தொங்கின. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அட்டை திரும்பியது. உமாபதியின் கண்ணுக்கு எதிரே சரிகைப் பின்னல் குழம்பிக்கொண்டே வளர்ந்தது. கண்ணாடியை நீட்டினால் மட்டும், அரக்கு வானத்தில் பொன் பருக்கள், கொத்துக் கொத்தாக.

சங்கரிதான் நிம்மதியாக இருக்கவில்லை.

"அந்தம்மாவுக்குச் சொல்ல வேணாம். சொன்னா புடவையை இறக்கிடுவாங்க, நம்ம பொழப்பு போச்சு. ஆனா கட்டிக்கப் போறது அந்தம்மா இல்லீங்க. அந்தப் பொண்ணு. ஒருத்தி தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிச்சுட்டு வந்து மணையில உக்காருது, அதும் தோள்ல இன்னா இருக்குதுன்னு அதுக்கே தெரியாது. நாளைக்கு அதுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட நான் தூங்குவேனா?"

"நீதானே முதலாளி குடுக்கிற சரிகையைவிட நல்லா இருக்குதுன்னு சொன்னே?"

"எனக்குப் பிடிச்சா போதுமா? அந்தப் பொண்ணைக் கேக்க வேணாமா?"

உமாபதி தினமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். தினமும் வீரபத்திரன் பூஜைத் துண்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் போனார். செல்லியம்மாளோ படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ராஜவேலுவின் கடைக்கு அதே டிசைன் கேட்டு மூன்று பேர் வந்துவிட்டார்களாம்.

ஒரு மத்தியானம் சோறு தின்ற மயக்கத்தில், நாடாவைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தான். கனவில் காஞ்சிபுரத்துக் கோபுரங்களெல்லாம் மழையில் கரைந்து, அதிலிருந்த பூதங்களும் யாளிகளும் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தன. பிதுங்கிய கண், கிழிந்த வாய், தொப்பை. மேலே இருந்தவரை அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள், தரைக்கு வந்ததும் அவற்றை ஐயே என்று துடைப்பத்தால் தள்ளினார்கள். கடைசியாக ஒரு தவளை தெரு நடுவில் வந்து நின்று, 'எனக்கு எத்தனாவது மாடி?' என்று கேட்டது. விழித்தபோது ராட்டைச் சத்தம் கேட்டது. காலடியில் ஒல்லித் தவளை ஒரு கரப்பானைப் பாதி விழுங்கியிருந்தது. கரப்பானின் இரண்டு மீசைகளும் வாயோரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அது அழகாக இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார்த்திகை கடைசியில் புடவை முடிந்தது. அறுத்து இறக்க நல்ல நேரம் பார்த்து, காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்தார்கள். செல்லியம்மாள் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ கொண்டுவந்தாள். ராஜவேலு கற்பூரம் ஏற்றினார். துளசி இந்தத் தடவை துப்பட்டா இல்லாமல் இருந்தாள். முகம் வழவழவென்று, யாருடைய முகமாகவும் இருக்கலாம் என்பதுபோல இருந்தது. வெளியே சாவகாசமான மழை.

உமாபதி கத்தியை எடுத்தான். சங்கரி அவனைப் பார்த்தாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"பாப்பா," என்றான் துளசியிடம். "கட்டிக்கப் போறது நீ. அதனால உங்கிட்ட ஒண்ணு சொல்லிடணும்."

ராஜவேலு இருமினார். நீளமாக இருமினார். பயனில்லை.

"முந்தியில இருக்கிறது தாழம்பூ இல்ல. பல்லவர் காலமும் இல்ல. அன்னைக்குக் குழியில பார்த்தியே, அந்தத் தவளை. அதும் முதுகு. அடையாளத்துக்கு வரைஞ்சு ஒட்டியிருந்தேன். அம்மா பார்த்துட்டு நல்லா இருக்குதுன்னாங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. வேணாம்னா சொல்லு, முந்தியை அறுத்துப் போட்டுட்டு வேற நெய்ஞ்சு சேர்த்துக் குடுக்கிறேன்."

கற்பூரம் எரிந்து முடிந்தது. செல்லியம்மாளின் கையில் குங்குமம் தொட்ட விரல் நின்ற இடத்திலேயே நின்றது.

துளசிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இதுல எதுண்ணா தலை?"

உமாபதி கண்ணாடியைக் கீழே நீட்டிப் பிடித்தான். "இந்த மேடு தெரியுது பாரு. அதுக்கு மேல தலை."

அவள் தரையில் கையூன்றிக் குனிந்து பார்த்தாள். பார்லர்காரி ஆறு மாதம் போராடி நேராக்கிய முடி முன்னால் சரிந்து மண்ணில் பட்டது. கண்ணாடியில் முந்தானையைப் பார்த்தாள். பிறகு குழியின் மூலையில் இருந்ததைப் பார்த்தாள். ரொம்ப நேரம்.

"அண்ணா, இது அது இல்லையே. இதும் தோள்ல மூணு புள்ளி இல்ல."

உமாபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இது வேற ஆளும்மா. அதைத் திருமுக்கூடல்ல விட்டுட்டேன்."

"ஐயோ, எதுக்குண்ணா விட்டீங்க?"

அவன் செல்லியம்மாளின் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

செல்லியம்மாள் வெடித்தாள். "ஏமாத்திட்டீங்களே! ராஜவேலு அண்ணே, பல்லவர் காலம்னீங்களே!"

"தவளை அதுக்கும் முந்திம்மா," என்றார் ராஜவேலு ஈனமாக.

"ஊரு பூரா அனுப்பிட்டேன். என் நாத்தனா நேர்ல வந்து கையைப் பிடிச்சுக்கினு கேட்டா, எங்க அண்ணி கிடைச்சுது இந்த மாதிரின்னு! இப்ப நான் இன்னான்னு சொல்லுவேன்? சொறித்தவளைன்னா?" தறியின் பக்கம் ஆத்திரமாகக் குனிந்தாள். உமாபதியின் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி நீட்டினாள். அவள் அங்கே எதைத் தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அசிங்கத்தைத் தேடினாள். தெரியாமல் பார்த்தபோது கண்ணில் படாதது, தெரிந்தபின் படும் என்று நம்பினாள். கண்ணாடியை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். சரிகை மின்னிக்கொண்டே இருந்தது.

"அம்மா," என்றாள் துளசி. "பார்லர்ல அந்தக்கா என் கன்னத்தை ஜூம் பண்ணிக் காமிச்சாங்க தெரியுமா? குழி குழியா, மேடு மேடா. அன்னைக்கெல்லாம் நான் சாப்பிடவே இல்ல. அதுல நானும் இந்த மாதிரிதான் இருந்தேன். எனக்கு இந்தப் புடவைதான் வேணும்."

"நீ சும்மா இருடி."

"நம்ம ஊர்ப் பெருமாள் மடியில இன்னா இருக்குது?"

திருப்புட்குழிக்காரியிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை. கழுகு. ஜடாயு. அந்த ஊரில் சாமியே அதற்கு மகன் ஸ்தானத்தில் காரியம் செய்தார் என்று சொல்வார்கள்.

"அது சண்டை போட்டுச் செத்துச்சு," என்றாள் செல்லியம்மாள். "இது இன்னா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலம்மா," என்றாள் சங்கரி மெதுவாக, ராட்டையருகிலிருந்து. "சும்மா உக்காந்துக்கினு இருந்துச்சு."

செல்லியம்மாள் அவளைப் பார்த்தாள். கண்ணாடியை உமாபதியிடம் திருப்பிக் கொடுத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது வியர்வையா என்ன என்று யாரும் கேட்கவில்லை.

"நல்ல நேரம் போவுது," என்றாள். "அறு."

உமாபதி அறுத்தான். பாவின் நாலாயிரம் இழைகளும் ஒரு பெருமூச்சு விட்டுத் தளர்ந்தன. சுருளில் இருந்த புடவையை ராஜவேலுவும் சங்கரியும் பிரித்துப் பிடித்தார்கள். முந்தானை முதல் தடவையாக வெளிச்சத்துக்கு முகம் காட்டியது. துளசி அதை அப்படியே சுரிதாரின் மேல் தோளில் போட்டுக்கொண்டாள். யாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. செல்லியம்மாள் மட்டும் கிட்டே வந்து ஒரு மடிப்பைச் சரிசெய்தாள்.

மேலே துணி இல்லாததால் குழிக்குள் திடீரென்று வெளிச்சம் நிறைந்துவிட்டது. ஒல்லித் தவளைக்கு அது பிடிக்கவில்லை. மண் சரிந்திருந்த மூலை வழியாக ஏறி மேலே வந்தது. தரையில் சற்று நின்றது. பிறகு, எல்லாரும் நின்றிருந்த கூடத்தின் நடுவே, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வாசலை நோக்கி நடந்தது. வழியில் நின்றிருந்தவள் செல்லியம்மாள். அவள் கத்துவாள் என்று உமாபதி பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் கொலுசு தெரியும்படி சேலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"ராஜவேலு அண்ணே, தள்ளுங்க. வழியை விடுங்க."

ராஜவேலு தாம்பாளத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். தவளை அவரையும் தாண்டி, படியில் இறங்கி, மழைக்குள் போனது.

அப்போதுதான் உமாபதிக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாகக் காலடியில் இருந்ததை அவன் வரைந்து வைக்கவே இல்லை. தண்டு கோணல் என்று தெரியும். எந்தப் பக்கம் கோணல்? கட்டக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவன் வெளியே ஓடினான்.

"ஏங்க, பேப்பர் நனையும்!" என்று கத்திக்கொண்டே சங்கரி குடையோடு பின்னால் ஓடினாள்.